உடைந்த மணிகளும் பொய் ஓவியங்களும்



பத்தாண்டு நிறைவு என்பது ஓர் அமைப்பு தன் ஏடுகளைத் திருப்பிப் பார்க்கும் வேளை. எவை நிலைத்தன, எவை மறைந்தன, மறைந்தவற்றை எவ்வாறு நினைவில் வைப்பது என்னும் கேள்விகள் அவ்வேளையில் எழுவது இயல்பு. கடைசிக் கேள்விக்கு ஒன்றோடொன்று முரண்படும் விடைகளை ஒரே கூரையின்கீழ்க் கண்ட கட்டடம் ஒன்று ஜெர்மனியின் வடபுலத்தில் உள்ளது. லூபெக் நகரின் நடுவே நிற்கும் புனித மரியாள் ஆலயமே அது. அதைச் சென்று காண்போர் தொழுகையிடம் ஒன்றைப் பார்த்தோம் என்ற மனநிறைவோடு திரும்பலாம். எழுதுகோல் பிடித்தவர்க்கோ அங்கு வேறொரு பாடமும் காத்திருக்கிறது.

லூபெக், பால்டிக் கடலுக்கு அண்மையில், திராவெ ஆற்றின் நீர் சூழ்ந்த திட்டில் அமைந்த பழம்பெரும் வணிக நகரம். ஹான்சா என்னும் வடகடல் வணிகர் கூட்டணிக்கு அது தலைமை நகராய் விளங்கியது. அதன் பழைய நகர்ப்பகுதி 1987இல் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. நகரை நெருங்குவோர் கண்ணில் முதலிற் படுபவை ஐந்து ஆலயங்களின் ஏழு கோபுரங்கள். அவற்றுள் மிக உயர்ந்த இரண்டும் மரியாள் ஆலயத்திற்கு உரியவை. உயரம் ஏறத்தாழ 125 மீட்டர். கட்டடக்கல் அரிதான மண் அது. ஆகவே களிமண்ணைச் சுட்டுச் செங்கல்லாக்கி, அச்செங்கல்லையே 13, 14ஆம் நூற்றாண்டுகளில் விண்ணோக்கி அடுக்கினார்கள். நடுக்கூடத்தின் வளைகூரை தரையிலிருந்து 38.5 மீட்டர் உயரத்தில் கவிந்திருக்கிறது. செங்கல் வளைகூரைகளில் இதனினும் உயர்ந்தது உலகில் இல்லை என்பர். ஆயரின் பேராலயம் நகரின் தென்கோடியில் இருக்க, அங்காடியையும் நகர மன்றத்தையும் ஒட்டித் தங்களுக்கென ஓர் ஆலயத்தை, அதுவும் ஆயருடையதைக் காட்டிலும் பெரியதாக எழுப்பினர் வணிகப் பெருமக்கள். இறையன்பும் போட்டியும் கலந்து குழைத்த சாந்து அது.

உள்ளே நுழையுமுன் வெளிச்சுவரருகே ஒரு பாறைமீது குந்தியிருக்கும் வெண்கலச் சாத்தானைக் காணலாம். 1999இல் வைக்கப்பட்ட சிலை அது; கதையோ பழையது. கட்டட வேலை தொடங்கியபோது, எழுவது மதுக்கூடம் என்றெண்ணிய சாத்தான், மகிழ்ந்து கல் சுமந்து உதவினானாம். சுவர் உயர்ந்தபின் உண்மை விளங்கிற்று. சினந்து ஒரு பாறையைத் தூக்கி இடிக்க வந்தவனிடம், பக்கத்திலேயே மதுக்கூடமும் கட்டித் தருவதாகச் சொல்லி அமைதிப்படுத்தினார்களாம். நகர மன்றத்தின் அடியிலுள்ள உணவகமே அந்த வாக்குறுதியின் நிறைவேற்றம் என்று ஊரார் சிரித்துச் சொல்வதுண்டு. ஒரு சிறு பொய்யில் தொடங்கிய ஆலயம் என்பது கதை. பெரிய பொய் ஒன்று இருபதாம் நூற்றாண்டில் அதன் சுவரேறியது வரலாறு.

அதற்குமுன் இழந்தவை எவை என்பதை அறிதல் வேண்டும். 1668ஆம் ஆண்டில் டீட்ரிச் புக்ஸ்டஹூட என்னும் இசைவாணர் இவ்வாலயத்தின் ஆர்கன் இசைஞராய்ப் பொறுப்பேற்றார். 1707இல் மறையும்வரை அவர் அப்பணியில் இருந்தார். கிறிஸ்துமஸ் பெருநாளுக்கு முந்தைய ஞாயிறுகளில் அவர் நடத்திய மாலை இசையரங்குகளுக்கு வணிகர்கள் பொருளுதவி செய்ய, பொதுமக்கள் கட்டணமின்றிக் கேட்டு மகிழ்ந்தனர். 1705ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஆர்ன்ஸ்டாட் என்னும் சிற்றூரிலிருந்து இருபது வயது இளைஞர் ஒருவர் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நடந்தே வந்து அவ்விசையைக் கேட்டார். நான்கு வார விடுப்புப் பெற்றுவந்தவர் நான்கு மாத அளவு தங்கிவிட்டார். ஊர் திரும்பியதும் மேலிடத்தாரின் கண்டனத்துக்கு ஆளானார். அவ்விளைஞரே பின்னாளில் உலகு போற்றிய யோகான் செபாஸ்டியன் பாக்.

இசைக்கு நிகராய்ப் புகழ்பெற்றது 'சாவின் நடனம்' என்னும் ஓவியத்தொடர். 1463இல் பெர்ன்ட் நோட்கெ தீட்டிய இது ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுடையது. போப்பாண்டவர் முதல் தொட்டிற் குழந்தை ஈறாக ஒவ்வொருவரையும் ஓர் எலும்புக்கூடு கைப்பிடித்து ஆட அழைக்கும். ஓவியத்தின் கீழே, அழைக்கும் சாவுக்கும் தயங்கும் மாந்தர்க்கும் இடையிலான உரையாடல், வடபுல மக்கள் பேசிய கீழ் ஜெர்மன் மொழியில் செய்யுளாய் எழுதப்பட்டிருந்தது. அந்நாளில் அவ்வளவு பெரிய எழுத்தில், அவ்வளவு மக்கள் கூடுமிடத்தில் கவிதை இடம்பெற்ற ஆலயங்கள் மிகச் சிலவே இருந்திருக்கும். காலப்போக்கில் ஓவியம் சிதையவே, 1701இல் அன்டோன் வோர்ட்மன் என்பவர் அதைப் படியெடுத்துப் புதிதாய்த் தீட்டினார். பழஞ்செய்யுளின் இடத்தில் நதானியேல் ஷ்லொட் எழுதிய புதிய செய்யுள் ஏறியது. அது படி என்பதை எவரும் மறைக்கவில்லை. எழுதியவர் பெயரும் ஆண்டும் தெரிந்தே இருந்தன.

1942ஆம் ஆண்டு மார்ச் 28, 29 தேதிகளுக்கு இடைப்பட்ட இரவு. விடிந்தால் குருத்தோலை ஞாயிறு. பிரிட்டிஷ் விமானங்கள் லூபெக் நகர்மீது எரிகுண்டுகளைப் பொழிந்தன. முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மரியாள் ஆலயத்தின் கூரை எரிந்து வீழ்ந்தது. பாக் கேட்ட ஆர்கன் எரிந்தது. 'சாவின் நடனம்' எரிந்தது. தெற்குக் கோபுரத்தில் தொங்கிய மாமணிகள், தாங்கிய மரச்சட்டம் எரிய, கீழே விழுந்து நொறுங்கின. அவற்றுள் பெரியது 7 டன்னுக்கு மேற்பட்ட எடையுடையது. புக்ஸ்டஹூட பணியேற்ற அதே 1668இல் வார்க்கப்பட்டது. மற்றொன்று 1508ஆம் ஆண்டினது.

அம்மணிகள் இன்றும் விழுந்த இடத்திலேயே கிடக்கின்றன. ஆலயத்தை மீண்டும் எழுப்பியவர்கள் அவற்றை அள்ளி உருக்கவில்லை. ஒட்டவைத்து மேலேற்றவும் இல்லை. கோபுரத்தின் அடித்தளத்தை நினைவிடமாக்கி, உடைந்த வெண்கலத்துண்டுகளைத் தரையோடு தரையாய் விட்டுவிட்டார்கள். காண வருவோர் கம்பித் தடுப்பின் முன் நின்று பார்க்கலாம். பேசிக்கொண்டே வருபவர்களும் அங்கே குரலைத் தாழ்த்திக்கொள்வர். அவ்விடத்தில் பிரிட்டனின் கவன்ட்ரி நகரிலிருந்து வந்த ஆணிச்சிலுவை ஒன்றும் உள்ளது. 1940 நவம்பரில் ஜெர்மானிய விமானங்கள் எரித்த கவன்ட்ரி பேராலயத்தின் கூரை ஆணிகளால் முதற்சிலுவை செய்யப்பட்டது. அதன் வழிவந்த ஒப்புரவுச் சின்னம் இது. எரித்தவரும் எரிக்கப்பட்டவரும் ஒருவருக்கொருவர் கைநீட்டியதன் அடையாளம் எனலாம்.

இவ்விடத்தில் ஓர் எழுத்தாளரை நினைவுகூர்தல் பொருந்தும். தாமஸ் மன் லூபெக்கில் 1875இல் பிறந்து, இவ்வாலயத்திலேயே திருமுழுக்குப் பெற்றவர். 'புடன்புரூக்' குடும்பக் கதையை 1901இல் வெளியிட்டு, 1929இல் நோபல் பரிசு பெற்றவர். அக்கதைக்குக் களமான பாட்டனார் வீடு ஆலயத்துக்கு எதிர்த்தெருவிலேயே இருந்தது. அவ்விரவில் அதுவும் எரிந்து, முகப்பு மட்டும் எஞ்சியது. இட்லரின் ஆட்சியை எதிர்த்து நாடு நீங்கி அமெரிக்காவில் வாழ்ந்த அவர், 1942 ஏப்ரலில் பி.பி.சி. வானொலி வழியாகத் தம் நாட்டாரிடம் பேசினார். தம் சொந்த ஊர் எரிந்த துயரத்தை அவர் மறைக்கவில்லை. ஆயினும் கவன்ட்ரியை நினைப்பதாகவும், எதற்கும் விலை கொடுத்தே தீரவேண்டும் என்னும் பாடத்தை மறுக்க இயலாதென்றும் கூறினார். தன் தொட்டில் எரியும்போதும் தன்னவர் செய்ததை முதலில் சொல்லும் துணிவு எளிதில் வருவதன்று. அச்சொற்களுக்காக அவரை மன்னிக்க மறுத்த ஊரார் பலர்.

இனி அந்தப் பெரிய பொய். தீயின் வெம்மையில் சுவர்களின் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்தபோது, அடியில் மறைந்து கிடந்த இடைக்கால ஓவியங்களின் தடங்கள் வெளிப்பட்டன. அழிவு கையளித்த எதிர்பாராக் கொடை! போர் முடிந்தபின் அவற்றைச் சீர்செய்யும் பணி டீட்ரிச் ஃபை என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. உண்மையில் சாரத்தின்மேல் ஏறித் தூரிகை பிடித்தவர் லோதர் மல்ஸ்காட் என்னும் ஓவியர். நடுக்கூடத்தில் மங்கிய கோடுகளின்மேல் புதுவண்ணம் ஏறியது. பலிபீடப் பகுதியிலோ ஏறத்தாழ ஒன்றுமே எஞ்சியிருக்கவில்லை. அங்கே மல்ஸ்காட் வரிசை வரிசையாய்ப் புனிதர்களைத் தாமே படைத்தார். அவை 13ஆம் நூற்றாண்டின் கலைச்செல்வம் என்று உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

1951 செப்டம்பரில் ஆலயத்தின் 700ஆம் ஆண்டு விழா நடந்தது. மேற்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சர் கொன்ராட் அடினாவர் வந்து சிறப்பித்தார். ஓவியங்கள் அஞ்சல்தலைகளில் இடம்பெற்றன. அறிஞர்கள் வியந்து எழுதினர். புகழ் முழுவதும் ஃபைக்குச் செல்லவே மனம் புழுங்கிய மல்ஸ்காட், 1952இல் தாமே முன்வந்து, அவை என் கைவேலை என்றார். எவரும் நம்பவில்லை! முடிவில் தம்மீதே குற்றவழக்குத் தொடுக்கச் செய்து உண்மையை மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. வல்லுநர் குழு ஆய்ந்து உறுதிசெய்தது. 1955இல் இருவருக்கும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பலிபீடப் பகுதியின் பொய் ஓவியங்கள் அகற்றப்பட்டன. இன்று அங்கே வெறும் வெண்சுவர்.

இதே மல்ஸ்காட் 1930களின் இறுதியில் ஷ்லெஸ்விக் பேராலயத்திலும் 'பழைய' ஓவியங்களில் கைவைத்தவர். அங்கே அவர் தீட்டிய விலங்கு வரிசையில் வான்கோழிகள் இருந்தன. வான்கோழியோ கொலம்பஸ் காலத்துக்குப் பின்னரே ஐரோப்பா கண்ட பறவை. அப்போதும் ஐயுற வேண்டியவர்களுள் சிலர், கொலம்பசுக்கு முன்பே வடபுல மாலுமிகள் அமெரிக்கா சென்றதற்கு இது சான்று என மகிழ்ந்தனர். நம்ப விரும்புபவர்க்கு வான்கோழியும் சான்றாகும்.

மக்கள் ஏன் நம்பினார்கள்? அண்மைக் கடந்தகாலம் நாணத்தக்கதாய் இருந்தபோது, அதற்கு அப்பால் மாசற்ற தொல்பழமை ஒன்று மின்னுவதைக் காண அவர்கள் உள்ளம் ஏங்கிற்று. அந்த ஏக்கத்துக்கு விலைபோனதே அந்த வண்ணம். லூபெக்கிற்கு அருகில் பல்லாண்டு வாழ்ந்த குன்டர் கிராஸ், 1986இல் வெளியான 'பெண்ணெலி' என்னும் புதினத்தில் மல்ஸ்காட்டைப் பாத்திரமாக்கி, போருக்குப் பிந்தைய இரு ஜெர்மனிகளின் தலைவர்களையும் பொய் ஓவியர்களின் வரிசையில் நிறுத்தினார். அதே கிராஸ், இளமையில் நாஜிகளின் ஆயுத எஸ்.எஸ். படையில் தாம் இருந்ததைப் பல்லாண்டுகள் மறைத்து 2006இல்தான் வெளியிட்டார். பிறர் சுவரின் பொய்யைச் சுரண்டுதல் எளிது. தன் சுவரில் கைவைத்தல் அரிது. எழுதுவோர் அனைவர்க்கும் உரிய எச்சரிக்கை இது.

படியெடுத்தல் குற்றமா எனின், இல்லை. புக்ஸ்டஹூடவின் ஆர்கன் எரிந்தும் அவர் இசை இன்றளவும் வாழ்வதற்கு ஒரு முக்கியக் காரணம், அவர் நண்பரும் ஸ்வீடன் அரசவை இசைஞருமான குஸ்டாவ் டூபென் திரட்டிவைத்த கைப்படிகள். அவை உப்சாலாவில் பாதுகாக்கப்பட்டுள்ளன. வோர்ட்மன் 1701இல் செய்ததும் படியே. தன்னைப் படி என்று ஒப்புக்கொள்வது மூலத்துக்குத் தொண்டு செய்கிறது. தன்னை மூலம் என்று கூறிக்கொள்வது மூலத்தையும் ஐயத்துக்கு உள்ளாக்குகிறது. செல்லரித்த ஏட்டில் எழுத்துப் போன இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டும் பதிப்பாசிரியர்க்கும், தாமே ஓர் அடியைப் புனைந்து பழம்புலவர் தலையில் ஏற்றுபவர்க்கும் உள்ள வேறுபாடும் இதுவே.

புதிதாய்ப் படைக்கும் வழி ஒன்றும் அங்கே உண்டு. 'சாவின் நடனம்' இருந்த சிற்றாலயத்தில் 1950களின் நடுவில் ஆல்பிரட் மலாவ் வண்ணக்கண்ணாடிச் சாளரங்களை அமைத்தார். எரிந்த ஓவியத்தின் உருவங்கள் அக்கண்ணாடியில் மீண்டும் ஆடுகின்றன; ஆயினும் அவை 1463இன் வேலையாகத் தம்மைக் காட்டிக்கொள்வதில்லை. கண்ணாடியும் கோடும் இருபதாம் நூற்றாண்டுக்குரியவை. வெயில் ஏறும் வேளையில் வெறுமையாய் விடப்பட்ட சுவரைத் தாண்டி அவ்வொளி விழும்போது, பழைய ஓவியம் இல்லை என்பதும் அது மறக்கப்படவில்லை என்பதும் ஒருசேரப் புலனாகும்.

கவிஞர் பெருமக்களே, பத்தாண்டு மலரைத் தொகுப்போர் முன்னும் இவ்வழிகளே உள்ளன. உடைந்ததை உடைந்தவாறே வைத்து மதிக்கலாம். இன்றைய கையால், இன்றைய பெயரில் புதியது செய்யலாம். பழமையின் பெயரால் பொய்ப்புகழ் தீட்டிக்கொள்ளவும் கூடும். அவ்வழியை நாடுவோர் லூபெக்கின் வெண்சுவரை ஒருகணம் நினைத்துக்கொள்ளட்டும். அஞ்சல்தலையில் ஏறிய ஓவியங்கள் போய்விட்டன. எவரும் விழா எடுக்காத மணிகள், விழுந்த இடத்திலேயே, இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன.