வேலை தேடுவோரும் தன்னம்பிக்கையும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வேலையில்லாத் திண்டாட்டம் பற்றிப் பேச எழுபவர் பெரும்பாலும் அரசாங்கத்தைப் பற்றிப் பேசிவிட்டு அமர்வது வழக்கம். நாட்டில் தொழில்கள் போதா. படிப்புக்கும் தொழிலுக்கும் தொடர்பில்லை. 1956ஆம் ஆண்டின் மொழிச் சட்டம் நம்மவர்க்கு அடைத்த கதவுகள் எத்தனை என்று ஒரு நீண்ட பட்டியல் உண்டு. அப்பட்டியலில் உண்மை இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற நமக்கு, தொழில் கெடுவது இன்னதென்று எவரும் விளக்கவேண்டியதில்லை. ஆயினும் நான் எடுத்துக்கொண்ட விடயம் அதுவன்று. வேலை கிடையாத காலத்தில் ஒருவனுடைய உள்ளத்தில், ஒருத்தியுடைய உள்ளத்தில், என்ன நிகழ்கின்றது? அதற்கு நம்மைப் போன்ற ஒரு சங்கம் செய்யத்தக்கது யாது? இவ்விரண்டையுமே இன்று பேச விரும்புகின்றேன்.

நம் ஊர்களில் எல்லோரும் கண்ட காட்சி ஒன்றுண்டு. ஓர் இளைஞர் உயர்தரப் பரீட்சையிற் சித்தியடைகின்றார், பட்டமும் பெறுகின்றார். முதலாவது வருடம் பத்திரிகை விளம்பரங்களைப் பென்சிலாற் கோடிட்டுக் கோடிட்டு வாசிக்கின்றார். சான்றிதழ்களுக்குப் பிரதி எடுத்து, விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பமாக அனுப்புகின்றார். சிலவற்றுக்கு நேர்முகப் பரீட்சை வரும். பலவற்றுக்கு மறுமொழியே வராது. இரண்டாவது வருடம் விண்ணப்பங்கள் குறைகின்றன. மூன்றாவது வருடம் அவர் வாசிகசாலைக்கு ஆட்கள் இல்லாத நேரம் பார்த்துப் போகின்றார்; கோயிலுக்குப் பூசை முடிந்தபின் போகின்றார்; கலியாண வீட்டில் பந்தலில் இராமற் பின்வளவில் நிற்கின்றார். காரணம் வேறொன்றுமில்லை. “தம்பி, இப்ப என்ன செய்யிறீர்?” என்னும் ஒரு கேள்விக்குப் பயந்துதான். கேட்பவர் அன்பினாலேயே கேட்கின்றார். ஆனால் ஒரே நாளில் ஆறு பேர் அன்பினாற் கேட்டால், அந்த அன்பைத் தாங்குவது எளிதன்று.

பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் வேறு. அவர்களிடம் இக்கேள்வியைக்கூட ஒருவரும் கேட்பதில்லை. கலியாணப் பேச்சையே எடுக்கின்றோம். இத்தனை வருடம் படித்த படிப்பு என்னாயிற்று என்று எவரும் கேளாதிருப்பதும் ஒரு காயந்தான்.

இவ்விளைஞரைப் பார்த்துப் பெரியோர் சிலர், “பொடியனுக்குச் சோம்பல் பிடித்துவிட்டது” என்று சொல்லிவிடுகின்றார்கள். அது சோம்பலன்று. இதனை நான் ஊகமாகச் சொல்லவில்லை. ஒஸ்திரியா தேசத்தில், வியன்னா நகரத்துக்கு அணித்தாக, மரியந்தால் என்னும் சிற்றூர் இருக்கின்றது. அவ்வூர் முழுவதும் ஒரே ஒரு நெசவாலையை நம்பி வாழ்ந்தது. 1929-30ஆம் ஆண்டுகளில் அந்த ஆலை மூடப்பட்டது. ஏறக்குறைய ஊரே வேலையிழந்தது. மரீ யகோடா என்னும் இளம் பெண்மணியும், பவுல் லாசர்ஸ்பெல்ட், ஹான்ஸ் சைசல் என்பவர்களும் தங்கள் குழுவினருடன் அவ்வூருக்குச் சென்று, அங்கிருந்த 478 குடும்பங்களின் வாழ்க்கையை ஆராய்ந்து, 1933இல் நூலாக வெளியிட்டார்கள்.

அவர்கள் கண்டவற்றில் இரண்டொன்றைக் கேளுங்கள். வேலை இல்லாதவனுக்கு நேரம் நிறைய உண்டல்லவா? ஆகவே அவ்வூர் வாசிகசாலையில் நூல் எடுப்பவர் தொகை பெருகியிருக்க வேண்டும் என்றுதான் எவரும் நினைப்பர். நடந்ததோ மறுதலை. கட்டணம் வாங்குவதை நிறுத்திய பின்பும், வெளியே சென்ற நூல்களின் தொகை ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது. ஆண்களிற் பெரும்பாலோர் கடிகாரம் அணிவதை விட்டுவிட்டார்கள். ஆராய்ச்சியாளர் ஒரு சாளரத்தின் பின்னிருந்து வீதியிற் போவோரின் நடையை அளந்தார்கள். வீட்டு வேலை மிகுந்த பெண்கள் விரைந்து நடந்தார்கள். வேலையிழந்த ஆண்கள் மெல்ல நடந்தார்கள். வழியில் நின்று நின்று போனார்கள். ஓர் ஊர் ஆடவர் எல்லோருக்கும் ஒரே வருடத்திற் சோம்பல் பிறந்துவிடுமா? உங்கள் சிந்தனைக்கே விடுகின்றேன். வேலை போனபோது சம்பளம் மட்டும் போகவில்லை. எழும்புவதற்கு ஒரு நேரமும், போவதற்கு ஓரிடமும், “இவன் இன்னான்” என்று சொல்வதற்கு ஒரு சொல்லும் சேர்ந்து போயின.

சரி, இதற்கு மருந்தென்ன? நாம் வழக்கமாகக் கொடுப்பது புத்திமதி. “மனத்தைத் தளரவிடாதே”, “முயற்சி செய்”, “கடவுள் கைவிடமாட்டார்” என்கின்றோம். இவற்றுள் ஒன்றேனும் பொய்யன்று. ஆனால் கேட்பவனுக்கு இவை ஏற்கெனவே தெரியும்; தெரிந்தும் முடியவில்லை என்பதே அவனுடைய துன்பம்.

இங்கே அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் செய்த ஒரு பரிசோதனையைக் குறிப்பிட வேண்டும். கப்பிளன், வினோக்கூர், பிறைஸ் முதலியோர் 1980களில் நடத்தி, 1989இல் முடிபுகளை வெளியிட்டனர். வேலையிழந்தோரை அவர்கள் இரு பகுதியாராக்கினர். ஒரு பகுதியார்க்கு வேலை தேடும் முறைகளைக் கூறும் சிறு புத்தகத்தைத் தபாலில் அனுப்பினர். மற்றப் பகுதியாரை இருபது பேரளவிலான குழுக்களாக ஒரு மண்டபத்திற் கூட்டினர். குழுவுக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டு பயிற்சியாளர். அவர்கள் விரிவுரை செய்யவில்லை. வந்தவர்கள் தத்தம் திறமைகளைக் கண்டறிந்து ஒருவருக்கொருவர் சொல்லவும், நேர்முகப் பரீட்சையை நடித்துப் பழகவும், மறுக்கப்பட்டால் அடுத்து என்ன செய்வதென்று முன்கூட்டியே யோசித்து வைக்கவும் வழிசெய்தார்கள். புத்தகம் மட்டும் பெற்றவரிலும் குழுவிற் சேர்ந்தவர்கள் விரைவில் வேலை பெற்றனர். பெற்ற வேலையும் நல்லதாயிருந்தது. இரண்டரை வருடங் கழித்துப் பார்த்தபோதும் அவர்களுடைய வருமானம் மேம்பட்டிருந்தது. பின்னர் நடந்த இரண்டாவது பரிசோதனையில், மனச்சோர்வு அதிகம் பற்றக்கூடியவர்களாய் இருந்தோர்க்கே பயனும் அதிகம் என்று தெரியவந்தது. பின்லாந்து தேசத்தாரும் இம்முறையைத் தம் நாட்டுக்கேற்ப மாற்றி எடுத்துக்கொண்டனர்.

புத்தகத்தாற் செய்யமுடியாத எதனைக் கூட்டம் செய்தது? நம் வாலிபர்க்கு இதனை விளக்க அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை. கிட்கிந்தா காண்டத்தை நினைத்துப் பாருங்கள். சீதையைத் தேடத் தென்றிசைக்குச் சென்ற அங்கதனுடைய படை, குறித்த தவணை ஒரு மாதமும் தப்பிப்போய், வெறுங்கையுடன் கடற்கரையில் உட்கார்ந்திருக்கின்றது. திரும்பிப் போக முகமில்லை. உண்ணாதிருந்து உயிர்விடவே அங்கதன் துணிகின்றான். போன காரியம் கைகூடாமல் வீட்டுக்குப் போக வெட்கப்படும் இளைஞனுடைய நிலை இதுவேயல்லவா? பின்பு சம்பாதி இலங்கையைச் சுட்டிக் காட்டுகின்றான். கடலை யார் தாண்டுவது? வான்மீகி இராமாயணத்தில் அங்கே ஓர் அழகான சபை கூடுகின்றது. வானர வீரர் ஒவ்வொருவராக எழுந்து தம் ஆற்றலை அளந்து சொல்கின்றனர். ஒருவன் பத்து யோசனை என்கின்றான். மற்றொருவன் இருபது என்கின்றான். முதியவராகிய சாம்பவான் தமக்குத் தொண்ணூறு என்கின்றார். நூறு தாண்டலாம், திரும்பி வருவது ஐயம் என்கின்றான் அங்கதன். கூட்டிச் சொல்பவரும் இல்லை, நகைப்பவரும் இல்லை. நூறு யோசனைக்கு முன்னே பத்து யோசனையைச் சொன்னவன் வெட்கப்படவுமில்லை.

அனுமனோ ஒரு புறமாகப் பேசாதிருக்கின்றான். அவன் ஆற்றலை அவனே மறந்திருந்தான். முனிவர் சாபம் என்பது உத்தர காண்டத்துக் கதை. சாம்பவான் அவனிடம் என்ன பேசினார் என்று கவனியுங்கள். “நீ வல்லவன், உன்னால் முடியும்” என்று வெறுமனே முதுகிலே தட்டவில்லை. அவன் பிறப்பை நினைப்பூட்டினார். குழந்தைப் பருவத்தில் ஞாயிற்றைப் பழமென்று கருதி வானிலே பாய்ந்த செயலை எடுத்துச் சொன்னார். அதாவது, ஏற்கெனவே அவன் செய்து முடித்த காரியத்தை, எல்லோரும் கேட்க, அவனுக்கே திருப்பிக் கொடுத்தார். அல்பேட் பண்டூரா என்னும் உளநூலறிஞர் 1977இல் எழுதியதும் இதற்கு அணித்தானதே. தன் ஆற்றலில் ஒருவனுக்கு நம்பிக்கை உண்டாகும் வழிகள் சிலவற்றுள், தானே செய்து வெற்றிகண்ட அனுபவமே வலியது. பிறர் ஊக்கிச் சொல்லும் சொல் அதற்குப் பின்னேதான் நிற்கும் என்பது அவர் முடிபு.

ஆகவே நாம் நடத்தும் கூட்டத்திலே முகத்துதிக்கு இடமிருத்தல் ஆகாது. “நீர் கெட்டிக்காரர்” என்று ஒருவரையொருவர் புகழ்ந்துகொண்டு கலைவதானால், அதைவிட வீட்டில் இருப்பது நன்று. பொய்ப் புகழ் முதலாவது மறுப்புக் கடிதத்துடன் உதிர்ந்துவிடும்.

எப்படி நடத்துவது? இருவர் இருவராக இருத்த வேண்டும். ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டு எழுத வேண்டும். இப்படி வைத்துக்கொள்வோம். ஓர் இளைஞர், “எனக்கு ஒன்றும் தெரியாது, படிப்பு மட்டுந்தான்” என்று தொடங்குகின்றார். கேட்பவர் விடாமல், “போன கோயிற் திருவிழாவில் என்ன செய்தீர்?” என்கின்றார். “அன்னதானத்துக்கு அரிசி, மரக்கறிக் கணக்கு வைத்தேன்.” “எத்தனை பேருக்கு?” “நாளுக்கு நானூறு பேரளவில்.” “எப்போதாவது குறைந்ததா?” “ஏழாம் திருவிழாவன்று சனம் கூடிவிட்டது. சந்திக் கடையில் இரண்டு மூட்டை அரிசி கடனாக எடுத்துச் சமாளித்தேன். அடுத்த நாள் காசைக் கொடுத்துவிட்டேன்.” இப்போது கேட்டவர் தம் கொப்பியைப் பார்த்து வாசிக்கின்றார்: அளவை மதிக்கத் தெரியும், இருப்புக் கணக்கு வைக்கத் தெரியும், நெருக்கடியிற் கலங்காமல் முடிவெடுக்கத் தெரியும், இவருடைய சொல்லை நம்பிக் கடைக்காரர் இரண்டு மூட்டை அரிசி கொடுக்கின்றார். இந்தக் கடைசியானது சொன்னவருடைய கண்ணிற் பட்டிருக்கவே மாட்டாது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். குறையை மட்டுமன்றி நிறையையும் பிறரே கண்டு சொல்லவேண்டிய இடம் உண்டு.

மத்திய கிழக்கில் ஐந்து வருடம் வீட்டுப் பணி செய்து திரும்பிய ஒரு தாய், தமக்கு அரபு மொழி பேசத் தெரியும் என்பதையே ஒரு திறமையாகக் கணக்கிற் சேர்ப்பதில்லை. தகப்பனுடைய கடையிலே கடன் கொப்பி எழுதிய மகனும், படுக்கையிற் கிடந்த பாட்டியை இரண்டு வருடம் பராமரித்த பேத்தியும் அப்படியே. சான்றிதழ் இல்லாதது திறமையன்று என்று நாமே அவர்களுக்குப் படிப்பித்துவிட்டோம். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்ற பழமொழியைச் சொல்லிச் சொல்லியே வளர்ந்த ஊர் இது! அப்பழமொழி ஒரு காலத்தில் வயிற்றைக் காத்தது உண்மை. இன்று அது பல பிள்ளைகளை வாசற்படியில் இருத்தி வைத்திருக்கின்றது.

இன்னொரு பயிற்சி, தோல்விக்கு முன்னேற்பாடு. மறுமொழி வராவிட்டால் எத்தனை நாளிற் போய் விசாரிப்பது? “இவ்வளவு காலம் என்ன செய்தீர்?” என்று நேர்முகப் பரீட்சையிற் கேட்டால் என்ன சொல்வது? நண்பர் முன்னிலையில் நாலுதரம் தடுமாறியவர் ஐந்தாந்தரம் தடுமாறமாட்டார். தடுமாறினும் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தமாட்டார்.

இதனால் நாட்டில் வேலை பெருகுமா என்று மூத்தவர் ஒருவர் கேட்கலாம். பெருகாது. மிச்சிகனில் வந்தவர்களும் வேலைகள் உள்ள ஊரிலேயே தேடியவர்கள். பத்து வேலைக்கு நூறு பேர் நிற்கும் இடத்தில், கூட்டம் கூடி அதனைப் பதினொன்றாக்க முடியாது. அந்தப் போராட்டம் வேறு. அதனை விட்டுவிடவும் கூடாது. ஆனால் தொண்ணூறு பேரும் பின்வளவில் மறைந்து நிற்பதை நாம் தடுக்கலாம். அவர்களுள் இருவர் சேர்ந்து ஒரு தொழில் தொடங்கலாம். ஒருவர் கேட்ட வேலைச் செய்தியை மற்றவருக்குச் சொல்லலாம். வேலைச் செய்தி விளம்பரத்தில் வருமுன் வாய்வழியாக வருவதை எல்லோரும் அறிவோம். வெளியே வராதவன் காதில் அது விழுவதில்லை.

பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்களிற் பலர் கந்தோர்களை நடத்தியவர்கள், ஆட்களைத் தெரிந்தெடுத்தவர்கள். அறிவுரை கூற வராதீர்கள். போலி நேர்முகப் பரீட்சை நடத்த வாருங்கள். உங்கள் வாழ்க்கையில் வேலையின்றி இருந்த காலம் இருந்தால் அதனைச் சொல்லுங்கள். வெற்றியை மட்டும் கேட்டுக் கேட்டு நம் பிள்ளைகள் களைத்துவிட்டார்கள்.

செயற்குழுவிடம் நான் வைக்கும் யோசனை இது. தைப்பொங்கல் கழிந்ததும், தொடர்ந்து ஐந்து சனிக்கிழமைகளில், இம்மண்டபத்தில், காலை வேளையில் நடத்தலாம். பன்னிரண்டு பேருக்குக் குறையாமலும் இருபதுக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். பெண்களுக்கு அரைவாசி இடம் ஒதுக்கவேண்டும். தூரத்திலிருந்து வருவோர்க்கு பஸ் கூலியைச் சங்கமே கொடுக்கவேண்டும். பெயர் கொடுப்போர் பட்டியலை விளம்பரப் பலகையில் ஒட்டவேண்டாம். ஒரு துண்டுக் கடுதாசியில் எழுதிச் செயலாளரிடம் கொடுத்தாற் போதும். முதல் நாள் வருவோர் ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும் கொண்டுவருக. சான்றிதழ்க் கோவையை அன்று வீட்டில் வைத்துவிட்டு வரலாம்.