பேர்மாவை ஏமாற்றிய எண்

பிரான்சு தேசத்தின் துலூசு நகரிலே நீதிமன்ற ஆலோசகராக விளங்கிய பியர் டி பேர்மா, ஓய்வு வேளைகளில் எண்களை ஆராய்ந்தே அழியாப் புகழ் ஈட்டியவர். 1640ஆம் ஆண்டிலே, கணித நண்பருக்கு வரைந்த கடிதத்தில் அவர் ஓர் எண்வரிசையைக் குறிப்பிட்டார். இரண்டை எடுத்து வர்க்கமாக்குக; வந்ததை மீண்டும் வர்க்கமாக்குக; இவ்வாறே செல்க. 2, 4, 16, 256, 65536 எனப் பெருகும் இவை ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 என்பன கிடைக்கும். இவ்வைந்தும் முதன்மை எண்கள். ஒன்றாலும் தம்மாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதவை. வரிசை எத்துணை நீண்டாலும் இவ்வியல்பு மாறாதென்பது பேர்மாவின் நம்பிக்கை. நிறுவல் தமக்கு எட்டவில்லை என்பதையும் அவர் மறைத்தாரல்லர்.

ஆறாவதாக வருவது 4294967297. அதாவது 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 297. இதனை நேர்வழியிற் சோதிப்பதாயின், 65536க்கு உட்பட்ட முதன்மை எண்கள் 6542ஐயும் கொண்டு வகுத்துப் பார்க்க நேரிடும். கையாற் கணிப்போர் எவரும் மலைக்கும் வேலை அது!

1729இல் கோல்ட்பாக் என்பார் பேர்மாவின் கூற்றை, உருசிய நாட்டுப் பீற்றர்சுபேர்க்கில் இருந்த இளைஞர் ஒயிலருக்கு எழுதிக் கேட்டார். 1732இல் ஒயிலரின் விடை வெளிப்பட்டது: அவ்வெண் 641ஆல் வகுபடும். எவ்வாறு கண்டார்? பின்னாளில் அவரே வழியை விளக்கினார். இவ்வெண்ணுக்கு முதன்மைக் காரணி உண்டெனின், அது 64இன் மடங்கொன்றிலும் ஒன்று மிகுந்ததாகவே இருத்தல் வேண்டும். 65, 129, 193 எனச் செல்லும் அவ்வரிசையில் முதன்மை அல்லாதவற்றைத் தள்ளினால், எஞ்சுவன 193, 257, 449, 577, 641. முதல் நான்கும் பயன்படவில்லை, ஐந்தாவது வகுத்தது. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட சோதனைகள் ஐந்தாகச் சுருங்கின. இவ்வழிக்கு அடிப்படையான தேற்றத்தை அதே 1640இல் வெளியிட்டவர் பேர்மாவேதான் என்பது வியப்புக்குரியது. திறவுகோல் அவர் கையிலேயே இருந்தது.

ஐயமுடைய நேயர்கள் தாளும் பென்சிலும் எடுத்து 6700417ஐப் பெருக்கலாம். 600ஆற் பெருக்க 4020250200; 40ஆற் பெருக்க 268016680; இவற்றோடு 6700417ஐக் கூட்டினால் பேர்மாவின் எண் பிசகின்றி வந்து நிற்கும்.

வரிசையின் பெருமை இதனால் குன்றிவிடவில்லை. பதினேழு சம பக்கங்கொண்ட ஒழுங்கான பல்கோணியை நேர்விளிம்பும் கவராயமும் மாத்திரம் கொண்டு வரையலாமென 1796இல் இளைஞர் கௌசு நிறுவினார். 257, 65537 பக்கங்களுக்கும் அது பொருந்தும். பேர்மா கூறியது மெய்யாயிருப்பின், 4294967297 பக்கப் பல்கோணிக்கும் அப்பேறு வாய்த்திருக்கும்.

அவ்வெண் தொடக்கம் அடுத்தடுத்து வரும் 28 எண்களும் முதன்மை அல்ல என்று இன்று நிறுவப்பட்டுள்ளது. அவற்றுட் சிலவற்றுக்கு ஒரு காரணியேனும் அகப்படவில்லை. வகுபடும் என்பது மாத்திரம் தெளிவு. அந்த முதல் ஐந்துக்குப்பின் ஆறாவது முதன்மை எண்ணொன்று இவ்வரிசையில் இதுவரை எவருக்கும் கிட்டவில்லை.