நடுவும் ஓரமும்



'பாரபட்சம்' என்னும் அயற்சொல் இன்று தமிழர் நாவில் தடையின்றிப் புழங்குகின்றது. அக்கருத்துக்குத் தமிழில் சொல் இல்லாமையால் வந்ததன்று அது. இருந்த சொல்லை மறந்தமையால் வந்தது. ஒரு பக்கம் சாய்வதைத் தமிழர் 'ஒருபாற் கோடல்' என்றனர். ஒருவர்க்குச் சார்பாகச் சான்றுரைப்பதை 'ஓரஞ் சொல்லல்' என்றனர். வழக்கைத் தீர்ப்பவரை 'நடுவர்' என்றனர். நடு என்பது இரு விளிம்புக்கும் ஒத்த தொலைவில் நிற்பது. ஓரம் என்பது ஒரு விளிம்பை ஒட்டி நிற்பது. நேரே நின்ற கோல் செங்கோல். கோடிய கோல் கொடுங்கோல். சொற்களை இவ்வாறு அமைத்துக்கொண்ட மக்கள், முறை இன்னது, முறைகேடு இன்னது என்பதை ஆழ எண்ணியவர்கள் என்பதில் ஐயமுண்டோ?

திருவள்ளுவர் நடுவுநிலைமைக்கென 12-ஆம் அதிகாரத்தை வகுத்தார். அதனை அவர் அரசியலில் வைத்திலர், இல்லறவியலில் வைத்தார். வினைக்கு உரியாரைத் தேர்ந்தமர்த்தும் முறையைச் சொல்லும் 'தெரிந்து வினையாடல்' என்னும் 52-ஆம் அதிகாரமே அரசியலில் உள்ளது. நடுவுநிலைமை மன்னனுக்கு மட்டும் உரிய கடமையன்று; மனையில் வாழும் ஒவ்வொருவர்க்கும் உரியது என்பதே அவ்வைப்பு முறையால் பெறப்படும் கருத்து. இக்காலத்தில் கோலோச்சுவோர் அரியணையில் மட்டும் அமர்ந்திருக்கவில்லை. வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்திருக்கும் மேலலுவலரும், ஆலையில் முறைமாற்றுப் பட்டியல் எழுதும் மேற்பார்வையாளரும், துணிக்கடையில் யாருக்கு விடுப்பு, யாருக்கு இல்லை என்று சொல்லும் கண்காணியும் கோலோச்சுபவர்களே. அவர்கள் கையிலுள்ள கோல் கோடினால், அதன்கீழ் உழைப்பவர் செய்யத்தக்கது யாது? இவ்வுரை அவ்வொரு வினாவையே ஆராய்கின்றது.

முதற்கண் ஒரு தெளிவு வேண்டும். மேலலுவலர் ஒருவர்க்குக் காட்டும் இரக்கமெல்லாம் ஒருபாற் கோடல் ஆகாது. நோயுற்ற குழந்தையை மருத்துவமனையில் விட்டுவந்த தாயை ஒருநாள் முன்னதாக வீட்டுக்கு அனுப்புவது கண்ணோட்டம். அதே நிலையிலுள்ள வேறொரு தாய் வந்து கேட்கும்போது, அவள் தம்மைப் புகழாதவள் என்பதற்காக மறுப்பதே கோட்டம். முன்னதைக் கண்டு அழுக்காறு கொள்வது தகாது. பின்னதைக் கண்டு வாளாவிருப்பதும் தகாது. இவ்விரண்டையும் பிரித்தறியாதவன் கூறும் குற்றச்சாட்டு அவைக்கு முன் நில்லாது.

பிரித்தறிந்து, உறுதியுடன் நின்ற ஒருவரின் வழக்கு உலகறிய நடந்தது. இலங்கையில் 1956-ஆம் ஆண்டின் 33-ஆம் சட்டம் சிங்களம் ஒன்றையே அந்நாட்டின் ஆட்சிமொழியாக்கியது. அதுவரை ஆங்கிலத்தில் அலுவல் புரிந்த தமிழ் எழுத்தர்கள் ஒரே நாளில் தம் பணியிடத்தில் அயலவர் ஆயினர். 1961-ஆம் ஆண்டின் இறுதியில் கருவூலச் சுற்றறிக்கை ஒன்று வந்தது. அரசப் பணியாளர் குறித்த காலத்துள் சிங்கள மொழித்தேர்வில் தேறவேண்டும். தேறாதவர்க்கு ஆண்டுதோறும் வரும் ஊதிய உயர்வு நிறுத்தப்படும் என்றது அது. 1952-இல் எழுத்தர் பணியில் சேர்ந்தவர் செல்லையா கோடீசுவரன் என்னும் தமிழர். அவர் அத்தேர்வை எழுத மறுத்தார். 1962-இல் அவருக்கு வரவேண்டிய ஊதிய உயர்வு வரவில்லை.

அவர் என்ன செய்திருக்கலாம்? தேநீர்க் கடையில் நின்று ஆட்சியாளரை வைதுவிட்டு அமைந்திருக்கலாம். அமைச்சர் ஒருவரின் வாயிலில் நின்று, தமக்கு மட்டும் விலக்களிக்குமாறு இரந்திருக்கலாம். அவ்விரண்டையும் விடுத்து, கொழும்பு மாவட்ட நயன்மன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் தமக்கொரு சலுகை வேண்டும் என்று அவர் வாதாடவில்லை. ஊதியத்தை நிறுத்திய ஆணைக்கு வேரான மொழிச்சட்டமே செல்லாது என்று வாதாடினார். அந்நாட்டின் அன்றைய அரசமைப்பில் 29-ஆம் பிரிவு இருந்தது. ஓர் இனத்தார்க்கு இல்லாத தடையை மற்றோர் இனத்தார்மீது சுமத்தும் சட்டத்தையும், ஓர் இனத்தார்க்கு மட்டும் ஆக்கம் தரும் சட்டத்தையும் நாடாளுமன்றம் இயற்றலாகாது என்பது அதன் சாரம். ஒருபாற் கோடலைத் தடுக்கும் அப்பிரிவையே அவர் தமக்குப் படைக்கலமாகக் கொண்டார்.

1964-இல் மாவட்ட நடுவர் அவர் பக்கமே முறை உள்ளதெனத் தீர்ப்பளித்தார். தீர்ப்பளித்த நடுவர் தமிழர் அல்லர் என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும். அரசு மேல்முறையீடு செய்தது. 1967-இல் இலங்கை உச்ச நயன்மன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. மொழிச்சட்டம் செல்லுமா செல்லாதா என்னும் வினாவுக்குள் அது புகவேயில்லை. அரசப் பணியாளன் தன் ஊதியத்துக்காக அரசின்மீது வழக்குத் தொடுக்கவே உரிமையற்றவன் என்று கூறி வாயிலை அடைத்தது. அடைபட்ட வாயில் தமிழனுக்கு மட்டும் அடைபட்டதன்று. சிங்கள எழுத்தனுக்கும், பறங்கி இன எழுத்தனுக்கும், முசுலிம் எழுத்தனுக்கும் சேர்த்தே அடைபட்டது.

வழக்கு இலண்டனில் இருந்த, பிரிவி கவுன்சில் என வழங்கிய கோமறைக் கழகத்துக்குச் சென்றது. 1969-ஆம் ஆண்டு திசம்பரில் அக்கழகம் தீர்ப்பளித்தது. அரசப் பணியாளன் தன் ஊதியத்துக்காக வழக்காடலாம். மொழிச்சட்டம் செல்லுமா என்பதை உச்ச நயன்மன்றமே ஆராய்ந்து விடை கூறட்டும் என்றது அத்தீர்ப்பு. அவ்விடை வரவேயில்லை. 1971-இல் கோமறைக் கழகத்துக்கு முறையிடும் வழி ஒழிக்கப்பட்டது. 1972-இல் வந்த புதிய அரசமைப்பில் 29-ஆம் பிரிவு இடம்பெறவில்லை. தமிழும் ஆட்சிமொழி ஆகும் என்னும் திருத்தம் 1987-ஆம் ஆண்டில்தான் வந்தது. அதற்குள் எத்தனைக் குருதி சிந்தப்பட்டது என்பதை இவ்வவை அறியும்.

அவ்வாறாயின் கோடீசுவரனின் போராட்டம் வீணோ? அன்று. மொழி வினாவுக்கு அவர் விடை பெறவில்லை என்பது உண்மை. அதை மறைப்பதால் பயனில்லை. ஆயினும், ஓரவஞ்சனைக்கு ஆளான ஒரு தமிழ் எழுத்தர், தம்மை வஞ்சித்த நாட்டின் எல்லா இனப் பணியாளர்க்கும் ஊதியத்துக்காக வழக்காடும் உரிமையை மீட்டுத் தந்தார். தனக்கென ஒரு விலக்கைப் பெற்றுக்கொண்டவன், கோடிய கோலைத் தன் பக்கம் சற்றே வளைத்துக் கொள்கின்றான், அவ்வளவே. கோலை நேர்நிறுத்த முயல்பவனோ தான் முற்றும் வெல்லாதபோதும் பிறர்க்கு வழி திறக்கின்றான். இவ்வேறுபாட்டைத் தமிழ்ப் பணியாளர் ஒவ்வொருவரும் உள்ளத்தில் பதித்தல் வேண்டும்.

இந்திய ஒன்றியத்திலும் இதற்கு ஒத்த வழக்குகள் உண்டு. தில்லிக் காவல்துறையில் ஊர்தி ஓட்டிய இரண்தீர் சிங் என்னும் காவலர், பிற துறைகளில் அதே வேலையைச் செய்யும் ஓட்டுநர்க்குக் கூடுதல் ஊதியமும் தமக்குக் குறைந்த ஊதியமும் ஏன் என்று வினவினார். ஒத்த வேலைக்கு ஒத்த ஊதியம் என்னும் நெறி அரசமைப்பின் 14, 16, 39 ஆகிய பிரிவுகளினின்றும் பிறக்கும் என்று உச்ச நயன்மன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது. தேவ்தத் என்னும் எல்லைச்சாலைத் துறைப் பொறியாளரின் வழக்கு மற்றொன்று. அவருடைய ஆண்டு மதிப்பீட்டில் ஓராண்டு மட்டும் 'நன்று' என்று எழுதப்பட்டிருந்தது. பணி உயர்வுக்கோ 'மிக நன்று' வேண்டும். புகழ்போல் தோன்றிய அச்சொல்லே அவருடைய உயர்வைத் தடுத்தது; அது எழுதப்பட்டதே அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. பணியாளரைப் பற்றி எழுதப்படும் மதிப்பீடு ஒவ்வொன்றும் அவருக்கே தெரிவிக்கப்படல் வேண்டும் என்று 2008-இல் உச்ச நயன்மன்றம் கூறியது. அத்தீர்ப்பு வரும்போது அவர் பணியினின்றும் ஓய்வு பெற்றிருந்தார். 2013-இல் மூவர் கொண்ட ஆயம் அந்நெறியை மீண்டும் உறுதிசெய்தது.

இவ்வழக்குகள் மூன்றும் ஒன்றையே உணர்த்துகின்றன. ஓரவஞ்சனை இருளில் வாழும் உயிர். எழுத்து அதன்மேல் படும் ஒளி. ஆதலின், முறைகேட்டுக்கு ஆளானவர் முதலில் செய்யவேண்டுவது எழுதிவைத்தல். எந்நாள், எவ்வேலை, யாருக்கு என்ன தரப்பட்டது, தனக்கு என்ன மறுக்கப்பட்டது, யார் முன்னிலையில் என்பவற்றை அன்றன்றே குறித்தல் வேண்டும். சினம் ஆறியபின் நினைவும் மங்கும், தாள் மங்காது.

இரண்டாவது, உள்ளக்கொதிப்பு முழுவதையும் கொட்டாமல், மறுக்கமுடியாத ஒன்றைத் தேர்ந்து வினவுதல். "என்னை யாரும் மதிப்பதில்லை" என்னும் முறையீட்டுக்கு மேலலுவலர் எளிதில் விடை கூறி அனுப்பிவிடுவார். "முதுநிலைப் பட்டியலில் எனக்குப் பின்னுள்ளவர்க்கு உயர்வு தரப்பட்டதன் கரணியம் யாது?" என்னும் வினாவுக்கு அவர் எழுத்தில் விடை தந்தாக வேண்டும், அல்லது விடையின்மையை ஒப்பியாக வேண்டும். கோடீசுவரன் தமக்கு நேர்ந்த மானக்கேடு அனைத்தையும் வழக்காக்கவில்லை. நிறுத்தப்பட்ட ஓர் ஊதிய உயர்வையே பற்றிக்கொண்டார். அரசு அலுவலகமாயின் 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் துணைநிற்கும்.

மூன்றாவது, படிமுறை தவறாமை. உடனடி மேலலுவலர், அவர்க்கு மேலுள்ளவர், அதன்பின் தொழிலாளர் ஒன்றியம், அதன்பின் நயன்மன்றம் என்று ஏறுதல் வேண்டும். படியைத் தாண்டிக் குதிப்பவனை, 'முறை கேட்டு வந்தவன் முறை தவறினான்' என்று கூறி வீழ்த்துவது எளிது.

நான்காவது, தனித்து நில்லாமை. எழுத்து விதிகளும் பட்டியல்களும் இல்லாத கடைகளிலும் சிறு ஆலைகளிலும் இதுவே முதன்மையானது. ஒருத்தி கேட்டால் வாயாடி என்பர். பத்துப்பேர் ஒரே தாளில் ஒப்பமிட்டுக் கேட்டால் அமர்ந்து பேசுவர். எவ்வழியும் அடைபட்டு, வேலையை விட்டு விலக நேர்ந்தாலும், உழைத்த நாளின் கூலியையும் பணிச் சான்றிதழையும் பெற்றுக்கொண்டே விலகுதல் வேண்டும். சினத்தில் வெறுங்கையுடன் வெளியேறுவது வஞ்சித்தவனுக்கு வைக்கும் வரிசை.

அவையீர்! இனிக் கூறுவது கசக்கும். ஆயினும் கூறாது விடுதல் ஓரஞ் சொல்லலாகும். சிங்களன் செய்தால் கொடுமை. வடவன் செய்தால் வல்லாட்சி. தமிழன் தமிழனுக்குச் செய்தால் மட்டும் அது உறவும் பாசமுமா? தன் சாதிக்காரன் என்று தகுதியில்லானை மேலேற்றும் மேலாளர் தமிழரே. ஒடுக்கப்பட்டோர் குடியிற் பிறந்தவன் என்று தகுதியுடையானைக் கடைசி இருக்கையில் அமர்த்துபவரும் தமிழரே. ஒரே நெசவுக்கூடத்தில் ஒரே வேலைக்கு ஆணுக்கொரு கூலியும் பெண்ணுக்கொரு கூலியும் எண்ணித் தருபவரும் தமிழரே. 29-ஆம் பிரிவைச் சுட்டி அயலானிடம் முறை கேட்ட இனம், தன் வீட்டுத் தட்டில் ஓரம் வைத்து நிறுக்கலாமோ? தமிழ் வாழ்க என்று முழங்கும் வாய், தமிழச்சியின் கூலியைக் குறைக்கும் கைக்கு உடந்தையாகலாமோ?

இங்கு இன்னொருவர்க்கும் கடமை உண்டு. ஓரவஞ்சனையால் ஆக்கம் பெற்றவரே அவர். தகுதியின்றி வந்த உயர்வை மறுக்கும் துணிவு எல்லார்க்கும் வாராது. ஆயினும், அருகில் இருப்பவர்க்கு இழைக்கப்பட்ட முறைகேட்டுக்கு உண்மைச் சான்று கூறும் துணிவேனும் வேண்டும். இன்று அவரை மேலேற்றிய கை, நாளை வேறொருவன்மேல் அன்பு பிறந்தால் அவரையே கீழிறக்கும். ஓரத்தில் கட்டிய வீடு யாருக்கும் நிலையான வீடன்று.

இறுதியாக ஒன்று. இலங்கையில் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி ஆன அதே 1956-ஆம் ஆண்டில்தான் தமிழகத்தில் தமிழை ஆட்சிமொழி ஆக்கும் சட்டமும் இயற்றப்பட்டது. அங்கே மொழி ஒரு பூட்டாயிற்று. இங்கே அது திறவுகோல் ஆகல் வேண்டும். தமிழக அரசு அலுவலகத்தில் பணிபுரியும் கடைநிலை ஊழியர், ஆங்கிலம் அறிந்தவரைத் தேடி அலையாமல், தம் குறையைத் தம் மொழியிலேயே எழுதித் தருவதற்கு உரிமை உடையவர். அவ்வுரிமையைப் பயன்படுத்துக! அழுது எழுதாமல், தாழ்ந்து எழுதாமல், நாளும் செயலும் குறித்து நல்ல தமிழில் நிமிர்ந்து எழுதுக! எழுதியதன் படியொன்றைக் கையில் வைத்துக்கொள்க! இரப்பவன் சலுகை பெறுவான். கேட்பவனே உரிமை பெறுவான்.

கோடாத கோலைக் கேட்போம் என்பவர் முதலில் கோடாத நெஞ்சைப் பெறுக! தமிழர் பணிபுரியும் இடமெல்லாம் நடுவுநிலை நிலைபெறுக!

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் உரிமை!