கடன் அட்டையைப் படியுங்கள்!
(ஆலைத் தொழிலாளர் குடியிருப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன வாரம் ஒரு சகோதரி கடன் அட்டையோடு என்னிடம் வந்தார். "அண்ணே, 12 சத வட்டி என்றுதானே சொன்னார்கள்? கட்டக் கட்ட மாளவில்லையே!" என்றார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

வாங்கியது 12,000 ரூபாய். வட்டி 1,440. மாதம் 1,120 வீதம் 12 தவணை. ஆறு மாதத்தில் பாதி அசலைத் திருப்பிவிட்டார். ஆனால் வட்டி மட்டும் கடைசி வரை முழு 12,000க்கும் ஓடுகிறது! கணக்குப் போட்டால் உண்மை வட்டி 21 சதத்துக்கு மேல். வாயால் சொன்னது 12. அட்டையில் அச்சடித்திருந்தது 21. அட்டையை யாரும் படிக்கவில்லை.

இந்தக் கம்பெனிகள் யார்? இவை பாங்குகள் அல்ல. வங்கி சாரா நிதி நிறுவனங்கள். கேட்டவுடன் திருப்பித் தரும் சேமிப்புக் கணக்கை இவை நடத்தக் கூடாது. ரிசர்வ் பாங்கில் பதிவு செய்யாமல் தொழில் நடத்தக் கூடாது என்று 1997ல் சட்டம் வந்தது. அப்படியானால் கடன் கொடுக்கப் பணம் ஏது? முதலாளிகள் போட்ட மூலதனம் கொஞ்சம். பெரும் பகுதி பாங்குகளிடம் வாங்கிய கடன். பாங்கில் கிடப்பது யார் பணம்? நம்மைப் போன்றவர்களின் சேமிப்பும் அதில் உண்டு! அது சுற்றி வளைத்து, கூடுதல் வட்டியோடு நம் வாசலுக்கே வருகிறது. வாரா வாரம் வீதி வீதியாக வசூலிக்கச் செலவு உண்டு, மறுக்கவில்லை. அதற்கு மேலே இருப்பது லாபம்.

கட்டுப்பாடு தானாக வரவில்லை. ஆந்திராவில் ஒரே குடும்பத்துக்குப் பல கம்பெனிகள் கடன் கொடுத்து நெருக்கின. தற்கொலைச் செய்திகள் நாட்டை உலுக்கின. 2010ல் அம்மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதன் பிறகே, 2011ல், ரிசர்வ் பாங்கு குறுங்கடன் கம்பெனிகளுக்குத் தனி விதி வகுத்தது. 2022ல் அந்த விதிகளை மாற்றியபோது வட்டிக்கு இருந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். "கொள்ளை வட்டி கூடாது" என்ற சொல் மட்டும் மிஞ்சியது.

ஆனாலும் அந்த விதிகளில் நம் கைக்கு ஆயுதம் உண்டு. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு மிகாத குடும்பத்துக்குத் தரும் குறுங்கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது. எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கடன் அட்டை நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் இல்லை. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு நெருக்கக் கூடாது. பேசி வைத்த இடத்துக்குத் தொடர்ந்து இரண்டு தடவை வராவிட்டால் மட்டுமே வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வரலாம். வசவும் மிரட்டலும் எந்த நேரத்திலும் குற்றம்.

மீறினால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்கள். காசு கட்ட வேண்டாம்.

வாங்கிய கடனை ஏமாற்றச் சொல்லவில்லை, தோழர்களே. வசூலுக்கு வருபவரும் சம்பளத்துக்கு உழைப்பவர்தான். அவரோடு சண்டை வேண்டாம். ஆனால் அட்டையைப் பெட்டியில் பூட்டாதீர்கள். பத்துப் பேர் கூடி உட்கார்ந்து, ஒருவர் உரக்கப் படியுங்கள். தனியாக நிற்பவளை மிரட்டுவது சுலபம். கணக்குத் தெரிந்த பத்துப் பேரை மிரட்ட முடியாது!