வீட்டுக் கிணறும் ஊர்க் கிணறும்



யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஆதலின் அங்குள்ளோர் தொன்றுதொட்டுக் கிணற்றை நம்பியே வாழ்ந்து வருகின்றனர். வளவிலே சொந்தக் கிணறு உடையோரும் உளர். ஊர்ப் பொதுக் கிணற்றிலே முறை பார்த்து நீர் அள்ளுவோரும் உளர். இருசாராரும் குடிப்பது ஒரே நிலத்தடி நீர்தான். ஆயினும் அள்ளும் வசதியிலே பெரும் வேற்றுமை உண்டு. இக்காலத்தில் வீடுகளுக்கு இணையம் வந்து சேரும் இரு வழிகளும் இத்தகையனவே. கம்பி வழியாக வருவது வீட்டுக் கிணறு; கையடக்கத் தொலைபேசி வழியாக வருவது ஊர்க் கிணறு.

இலங்கையிலே கையடக்கத் தொலைபேசிச் சேவை 1989 ஆம் ஆண்டில் தொடங்கிற்று. பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 இல் வந்தது. 2013 இல் நான்காந் தலைமுறைச் சேவையும் வந்தபின், கம்பியே கண்டிராத சிற்றூர்களிலும் இணையம் புகுந்தது. ஒவ்வொரு படலைக்கும் கம்பி இழுப்பதிலும் ஓரிடத்திலே கோபுரம் நாட்டுதல் எளிதன்றோ? போரினாற் சிதைந்த ஊர்களிலும், மலையகத்து லயன்களிலும் பலருக்குக் கையடக்கத் தொலைபேசியே முதல் இணையமாயிற்று.

இதன் நன்மைகளை எவரும் மறுத்தல் இயலாது. மாதக் கட்டணம் என்னும் சுமை இல்லை. கையிற் காசுள்ள நாளிலே ஒரு நாளுக்கோ ஒரு வாரத்துக்கோ வேண்டிய தரவை வாங்கிக் கொள்ளலாம். வாடகை வீடு மாறினும் கூடவே வரும். அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்ணும் குடும்பத்துக்கு இது பேருதவி. ஆதலின் கம்பி இணைப்பு இல்லாத வீட்டை அறியாமையுள்ள வீடென்று இகழ்வது தகாது.

ஆயினும் இதன் இயல்பையும் அறிந்து கொள்ளல் வேண்டும். ஒரு கோபுரம் வானொலி அலைகளால் அனுப்பக் கூடிய தகவலுக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைச் சுற்றுவட்டாரத்தார் அனைவரும் பகிர்ந்து கொள்கின்றனர். மாலையிலே யாவரும் ஒருங்கே அள்ளப் புகுந்தால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது குறையும். தடித்த சுவரும், குன்றும், தூரமும் அலையின் வலிமையைக் குறைக்கும். ஒளியிழைக் கம்பிக்கு இத்தடைகள் இல்லை. அதுவும் அப்பாற் சென்று பொது வழியிலே கலப்பதுதான். எனினும் அவ்வழி மிக அகன்றது.

இரண்டாவது, அளவுக் கணக்கு. எழுத்தாலான பாடமொன்றைப் படிக்க மிகச் சிறிதளவு தரவே செல்லும். ஆனால் காணொளிப் பாடமொன்றைச் சாதாரணத் தெளிவிலே ஒரு மணி நேரம் பார்க்க 1 ஜிகாபைற் வரை செல்லலாம். உயர்ந்த தெளிவிலாயின் 3 ஜிகாபைற் வரை செல்லலாம். வாரத்துக்கென வாங்கிய தரவு இரண்டு மாலைகளிலே தீர்ந்து போவதன் காரணம் இதுவே.

மூன்றாவது காரணமே யாவற்றினும் பெரிது. மேசன் வேலை செய்யும் தந்தையையும் மூன்று பிள்ளைகளையும் உடைய ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். மூத்தவள் உயர்தர வகுப்பில் பயில்கிறாள். வீட்டிலே தொலைபேசி ஒன்றே, அதுவும் தந்தையுடையது. வேலைக்கு அழைப்பு வருவதும் அதிலேதான். ஆதலின் காலையிலே அவர் புறப்படும்போது வீட்டு இணையமும் உடன் புறப்பட்டு விடுகிறது. பிள்ளை ஐயமொன்றைத் தீர்க்க விரும்பினால், "அப்பா வரட்டும், பிள்ளை" என்பதே தாயின் மறுமொழி. அப்பா வந்த பின்னரோ மூவருக்கும் முறை வைத்தல் வேண்டும். மூத்தவளின் பரீட்சை பெரிதென்று இளையவன் விட்டுக்கொடுக்கிறான். விட்டுக்கொடுத்தல் நற்குணமே, ஆயினும் அவன் இழந்த பாடம் அதனால் மீள்வதில்லை.

2020 மார்ச்சில் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது இந்நிலை நாடு முழுவதும் வெளிப்பட்டது. 2021 இல் போஹிட்டியாவ என்னும் சிற்றூரின் மாணவரும் ஆசிரியரும் அலை கிடைக்கும் இடத்தை நாடி, காட்டு வழியே மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து குன்றேறினர். அவர்தம் ஊக்கம் போற்றற்குரியது. ஆயினும் கல்விக்கு அதுவே வழியென்று ஒரு நாடு அமைதியடைதல் ஆகாது.

அங்ஙனமாயின் கம்பி இணைப்பு குறையற்றதோ? அன்று. 2022 மார்ச் இறுதியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு நேர்ந்தது. மின்சாரம் நின்றால், மின்கலம் இல்லாத வீட்டில் கம்பி இணையமும் உடனே நின்றுவிடும். தொலைபேசியோ, கோபுரத்து மின்கலம் தாங்கும்வரை உதவும்.

ஆகவே முடிவு செய்யுமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுக் கொள்ளல் நன்று. வீட்டிலே பயன்படுத்துவோர் எத்தனை பேர்? படிப்பது எழுத்தோ, காணொளியோ? கம்பி அவ்வூருக்கு வருகிறதா? மாதந்தோறும் தவறாது கட்டணம் செலுத்த இயலுமா? தனியொருவருக்குத் தொலைபேசியே போதும். பயிலும் பிள்ளைகள் இருவர் மூவர் உள்ள வீட்டிலோ, சிறுசிறு தொகையாகச் செலவிட்டதை ஒரு மாதம் கொப்பியில் எழுதிக் கூட்டிப் பார்த்தல் வேண்டும். அத்தொகை கம்பி இணைப்பின் மாதக் கட்டணத்தை எட்டியிருப்பினும் வியப்பில்லை.

கம்பி வராத இடத்திலும் வழியுண்டு. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலுள்ள பாடங்களை ஒருமுறை இறக்கிச் சேமித்து வைத்தால் மீண்டும் மீண்டும் படிக்கலாம். காணொளியின் தெளிவைக் குறைத்தாற் செலவும் குறையும். ஊர் நூலகமும் பாடசாலைக் கணினிக் கூடமும் மாலையிலே திறந்திருப்பின், அவையே அப்பிள்ளைகளுக்கு வீட்டுக் கிணறாகும். அதற்கு ஆவன செய்தல் பெற்றோர் சங்கங்களின் கடன்.

தொலைபேசி தந்தையின் சட்டைப் பையிலே செல்லலாம். அது அவர் தொழிலுக்கு வேண்டியது. ஆனால் பிள்ளையின் படிப்பும் அச்சட்டைப் பையிலே சென்றுவிடாதவாறு பார்த்துக் கொள்ளல் வேண்டும்.