கணினிக் கல்வியும் நம் ஜமாஅத்தின் கடமையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



நாம் வாழும் உத்திரமேரூர் கல்வெட்டால் பெயர் பெற்ற ஊர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 920ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பட்ட குடவோலை விதிகள் இன்றும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ளன. சபை உறுப்பினராவதற்குக் கால்வேலி நிலம் வேண்டும். மறைநூல் கற்றவருக்கோ அரைக்கால்வேலியே போதும் என்பது அவ்விதிகளுள் ஒன்று. நிலத்தின் குறையைக் கல்வி ஈடுசெய்தது. ஆயினும், சுவரில் எழுதியதைத் தாமே அறிய எழுத்தறிவு வேண்டியிருந்தது.

இன்று அந்தச் சுவரின் இடத்தில் இணையம் நிற்கிறது. பட்டா, வருமானச் சான்று, கல்வி உதவித்தொகை, ஹஜ் விண்ணப்பம் ஆகிய அனைத்தும் கணினி வழியே நடைபெறுகின்றன. வக்ஃபு சொத்து விவரங்களைப் பதிவேற்றுவதற்கான 'உமீத்' இணையத்தளம் 2025 ஜூன் 6 அன்று தொடங்கப்பட்டபோது, சட்டம் அளித்த கால அளவு ஆறு மாதங்களே. ஆவணம் பெட்டியில் இருந்தால் மட்டும் போதாது, அதனைப் பதிவேற்றத் தெரிந்தவரும் ஊரில் இருக்கவேண்டும் என்பதை அது உணர்த்தியது.

2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வின்படி, நகர்ப்புறத்தில் நூற்றுக்கு 23.4 குடும்பங்களில் கணினி இருந்தது, கிராமப்புறத்தில் 4.4 குடும்பங்களிலேயே இருந்தது. இந்த இடைவெளியைக் குறைக்க, வீட்டுக்கு ஒருவருக்கு 20 மணி நேரப் பயிற்சி அளிக்கும் திட்டத்தை மத்திய அரசு 2017இல் தொடங்கியது. ஆறு கோடிக்கும் மேற்பட்டோர் அதில் பயிற்சி பெற்றனர். 2024 மார்ச்சுடன் அத்திட்டம் முடிவுற்றது. கற்காமல் விடுபட்டவர்களைக் கைதூக்கிவிடுவது இனி ஊராரின் பொறுப்பாகும்.

இதற்கு நல்லதொரு முன்மாதிரி நமக்கு அருகிலேயே உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரி வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராமத் தகவல் மையங்களை அமைத்தது. ஊரார் இடமும் தொண்டர்களும் தரவேண்டும்; கருவியும் பயிற்சியும் நிறுவனம் தரும். சாதி, ஆண், பெண் என்ற பேதமின்றி எவரும் உள்ளே வரலாம் என்பதே முதல் நிபந்தனை. எம்பலம் கிராமத்தில் கோயிலைச் சேர்ந்த அறையிலேயே மையம் இயங்கியது. அங்கே பெண்கள் கணினியை இயக்கினர். வீராம்பட்டினத்தில் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு இணையத்திலிருந்து எடுக்கப்பட்டு, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குத் தமிழில் அறிவிக்கப்பட்டது. அன்றாடத் தேவைக்குப் பயன்பட்டதாலேயே மக்கள் அம்மையங்களைத் தமதாகக் கொண்டனர்.

அன்பர்களே! கோயில் அறை பயன்பட்டதுபோல நம் மதரஸாவின் அறையும் மாலை வேளைகளில் பயன்படலாகாதா? 2011 முதல் மாணவர்களுக்கு அரசு வழங்கிய மடிக்கணினிகள் பல வீடுகளில் பழுதாகிக் கிடக்கக்கூடும். அவற்றுள் சீராகக்கூடியவற்றைப் பழுதுபார்த்தாலே வகுப்பைத் தொடங்கிவிடலாம். ஆங்கிலம் தெரியாதோர் தயங்கவேண்டியதில்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி உருவான 'தமிழ் 99' விசைப்பலகையில் 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என 31 விசைகளைக் கொண்டு 247 எழுத்துகளையும் தட்டச்சு செய்யலாம்.

எல்லோரிடமும் கைப்பேசி இருக்கும்போது வகுப்பு எதற்கு என்று சிலர் கேட்கலாம். கைப்பேசியில் படம் பார்ப்பது வேறு, தன் விண்ணப்பத்தைத் தானே நிரப்புவது வேறு. விதவை உதவித்தொகை பெறும் ஒரு தாய் தம் வங்கி ரகசிய எண்ணைப் பிறரிடம் சொல்லிப் பணம் எடுக்கும் நிலையில் இருந்தால், அவருடைய பணம் அவர் கையில் இல்லை என்றே பொருள். ஓ.டி.பி. எண்ணை எவரிடமும் சொல்லலாகாது, ஏமாந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்கவேண்டும் என்பன முதல் பாடத்திலேயே இடம்பெற வேண்டும்.

ஆகவே, பெண்களுக்குத் தனி நேரமும் பெண் ஆசிரியையும், முதியோருக்குப் பொறுமையான பயிற்சியும், அனைத்துச் சமுதாயத்தினருக்கும் திறந்த கதவும் கொண்ட ஒரு வகுப்பைத் தொடங்க முன்வருமாறு வேண்டுகிறோம். படித்த இளைஞர்கள் வாரம் இரண்டு மணி நேரம் தாருங்கள். வசதி படைத்தோர் மின்கட்டணத்தையும் இணையக் கட்டணத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். வீட்டிற்கு ஒருவரேனும் கற்றுத் தேறும்வரை இப்பணி தொடரட்டும்.