நலம் விசாரிக்கும் நட்பு

(சங்கத்தின் பொன்விழா ஆண்டுக் குடும்ப தினத்தில் மகளிர் பிரிவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)





“நட்பும் நலமும்” என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த நட்பு இப்போது பெரும்பாலும் கைப்பேசிக்குள்தான் இருக்கிறது. அதனால் அதைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

நம் அத்தாமார்கள் காலத்தில் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்று பேசுவார்கள். ஊரிலிருந்து ஒருவருக்குக் கடிதம் வந்தால் பத்துப் பேருக்குச் சேதி தெரியும். பெண்களுக்குக் கல்யாண வீட்டு அடுப்படிதான் கூட்டம் கூடும் இடம். வெங்காயம் உரித்துக்கொண்டே யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் மாமிக்குக் கால் வலி என்று எல்லாம் பேசித் தீர்த்துவிடுவார்கள். இப்போது ஒருத்தி உட்லண்ட்ஸில், ஒருத்தி தெம்பனிஸில், ஒருத்தி ஜூரோங் வெஸ்டில். கல்யாணச் சாப்பாடு கேட்டரிங்கில் வருகிறது. வெங்காயம் உரிக்க யாருக்கும் வேலையில்லை.

“எந்நேரமும் போனையே நோண்டிக்கிட்டு இருக்காங்க” என்று பெரியவர்கள் சலித்துக்கொள்வது எனக்குத் தெரியும். பாதி நேரம் அவர்கள் சொல்வது சரிதான். மீதிப் பாதியைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

பள்ளித் தோழிகள் ஏழு பேர் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். 2020 ஏப்ரலில், நோய்ப்பரவல் முறியடிப்புக் காலத்தில் தொடங்கியது. பள்ளிவாசல்கள் மூடியிருந்தன. தனித்தனி வீட்டில் நோன்பு திறந்தோம், பெருநாளும் அப்படியே போனது. முதலில் நோன்புக் கஞ்சிப் படங்கள்தான் வந்தன. யார் வீட்டுக் கஞ்சி கெட்டி, யார் வீட்டுக் கஞ்சி தண்ணீர் என்று போட்டி. பிறகு ஒரு நாள் ஒருத்தி எழுதினாள்: “அத்தாவுக்கு சுகர் 7.2ன்னு வந்திருக்கு, பரவாயில்லையா?” உடனே இன்னொருத்தி, “ஊர்ல எங்கம்மாவுக்கு 180ங்கறாங்கடி, நீ 7க்குப் போய்க் கவலைப்படுறியே!” என்றாள்.

எங்கள் படிப்பு அங்கேதான் தொடங்கியது.

குழுவில் ஒருவர் எங்களைவிட மூத்தவர், தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் சொன்னார்: “இங்கே ஒரு கணக்கு, ஊர்ல ஒரு கணக்கு. ஊர்க் கணக்கை 18ஆல் வகுத்தால் நம்ம கணக்கு வரும்.” 180 என்றால் இங்கே 10. நம் ஊர் 7.2 என்றால் அங்கே ஏறத்தாழ 130. இத்தனை வருடமாகக் கடல் தாண்டிப் பேசிக்கொண்டிருக்கிறோம், அம்மாவின் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டுக் கேட்டுத் தலையாட்டியும் இருக்கிறோம். ஆனால் இந்தப் பதினெட்டு எங்களில் பலருக்குத் தெரியாது.

அடுத்தது இதைவிடப் பெரிய விஷயம், கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ஒரு தோழியின் அம்மா கடையநல்லூரிலிருந்து மகளோடு தங்கிப் போக வந்திருந்தார். இன்சுலின் போட்டுக்கொள்பவர். கொண்டு வந்த மருந்து தீர்ந்ததும், இங்கே மருத்துவரிடம் காட்டி இன்சுலின் புட்டி வாங்கினார்கள். ஊசி மட்டும் ஊரிலிருந்து கொண்டு வந்தது நிறைய மிச்சமிருந்தது. தோழி அதைப் படமெடுத்துக் குழுவில் போட்டு, “இதையே பயன்படுத்தலாம்தானே?” என்று கேட்டாள். அக்கா உடனே போன் போட்டுவிட்டார். “ஊசி மூடி சிவப்பா இருக்கா? போடாதே, நிறுத்து!”

காரணம் இதுதான். இந்தியாவில் புட்டியில் விற்கும் இன்சுலினில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கும். சிவப்பு மூடி ஊசியில் உள்ள கோடுகள் அந்த மருந்துக்காகப் போடப்பட்டவை. இங்கே விற்பது ஒரு மில்லிக்கு 100 யூனிட். அம்மாவின் அளவு 20. ஊர் ஊசியில் 20 கோடு வரை இங்குள்ள மருந்தை இழுத்தால், உடம்புக்குள் போவது 50 யூனிட்! சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி, தூக்கத்திலேயே நினைவு தப்பியிருக்கும். திருப்பிப் பார்த்தாலும் ஆபத்துத்தான். இங்கே ஊசி தரமாக இருக்கிறதே என்று வாங்கி ஊருக்குக் கொடுத்தனுப்புகிறோம் அல்லவா? அதில் 20 கோடு வரை ஊர் மருந்தை இழுத்தால் 8 யூனிட்தான் போகும். மருந்து போட்டுக்கொண்டும் சர்க்கரை குறையவில்லை என்று மாதக்கணக்கில் தவிப்பார்கள். ஊருக்கும் இங்குமாகப் பெற்றோரை வைத்திருக்கும் நம்மைப் போன்ற குடும்பங்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். மருந்தும் ஊசியும் ஒரே ஊரில் வாங்கியதாக இருக்கட்டும். சந்தேகம் வந்தால் மருந்தாளரிடம் இரண்டையும் காட்டிக் கேளுங்கள்.

சர்க்கரைக்கே ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறேன் என்றால், 2017 தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் சொன்ன கணக்கு அப்படி. 60 வயது தாண்டிய இந்தியர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு நீரிழிவு. இந்த மண்டபத்தில் முன்வரிசையில் இருப்பவர்களை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் எண்ணவில்லை.

குழுவில் வெண்டைக்காய்த் தண்ணீரும் கருஞ்சீரகமும் ஆவாரம்பூவும் வராமலில்லை. வரத்தான் செய்கின்றன. எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: அனுப்பியவரிடம் “இது யார் சொன்னது?” என்று யாராவது ஒருத்தி கேட்டுவிடுவாள். பதில் இல்லையென்றால் அத்தோடு சரி. ரமலானுக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் கண்டிப்பு அதிகம். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை நம் பெரியவர்களுக்குத் தெரியாததல்ல. ஏற்றுக்கொள்ளத்தான் மனம் வராது. விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்று அறிஞர்கள் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். பார்த்து, 3.9க்குக் கீழே இறங்கியிருந்தால் அப்போதே நோன்பை விட்டுவிட வேண்டும், மஃரிபுக்கு அரை மணி நேரம்தான் இருந்தாலும் சரி. மாத்திரை, இன்சுலின் அளவையெல்லாம் நோன்புக்கு முன்பே மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும்.

இனி, யாரும் பேச விரும்பாத ஒன்று. இன்னொரு தோழியின் மாமிக்கு மறதி நோய். பணம் அவர் பெயரில் வங்கியில் இருக்கிறது. மருத்துவச் செலவுக்கு எடுக்கப் போனால், கணக்குக்காரருக்குச் சுயமாக முடிவெடுக்கும் நிலை இல்லை, மகனுக்கு அதிகாரம் எங்கே என்று கேட்டார்கள். பெற்ற பிள்ளை என்பது போதாது. குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டு உத்தரவு வாங்கப் பல மாதங்கள் ஆயின, வழக்கறிஞர் செலவு வேறு. எல்பிஏ என்று எல்லாரும் சொல்லும் நீண்டகால அதிகாரப் பத்திரத்தை முன்கூட்டியே செய்திருந்தால் இந்த அலைச்சல் இருந்திருக்காது. 21 வயதான எவரும் செய்யலாம். சிங்பாஸ் வழியாகவே படிவம் நிரப்பலாம். பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவரோ வழக்கறிஞரோ மனநல மருத்துவரோ நேரில் பேசிச் சான்றளிக்க வேண்டும். ஆனால் புத்தி தெளிவாக இருக்கும்போதுதான் செய்ய முடியும். மறதி முற்றிய பிறகு கையெழுத்து வாங்க வழியே இல்லை. “சொத்தை எழுதி வாங்கப் பார்க்கிறாயா?” என்று அத்தா கேட்பார். இது உயில் இல்லை, உயிரோடு இருக்கும் வரைக்கும்தான் செல்லும், அதன் பிறகு ஃபராயிள்தான் என்று பக்குவமாகச் சொல்லுங்கள். நாங்கள் ஏழு பேரில் ஐவர் முதலில் எங்களுக்கே செய்துகொண்டோம். பிள்ளைகள் செய்ததைப் பார்த்துத்தான் இரண்டு வீட்டுப் பெரியவர்கள் சம்மதித்தார்கள்.

குளியலறைக் கைப்பிடி, வழுக்காத தரை பற்றி நீட்ட மாட்டேன். வீவகவின் ‘ஈஸ்’ திட்டத்தில் 95 விழுக்காடு வரை மானியம் உண்டு. இன்னும் போடாதவர்கள் விழுந்த பிறகு போடலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

ஓர் இரவு, இரண்டு மணிக்கு ஒரு செய்தி வந்தது. “அம்மா இன்னைக்கு எட்டுத் தடவை எழுப்பிட்டாங்க. கோபமா வருது. எனக்கே என்னைப் பிடிக்கலை.” ஸஹருக்கு எழுந்து பார்த்தபோது அதற்குக் கீழே நான்கு பதில்கள் இருந்தன. யாரும் பொறுமையைப் பற்றிப் பயான் செய்யவில்லை. ஒருத்தி, “எனக்கும் வரும்டி” என்று மட்டும் எழுதியிருந்தாள். இன்னொருத்தி, “வியாழக்கிழமை மத்தியானம் நான் வந்து அம்மாகூட இருக்கேன், நீ தூங்கு” என்றிருந்தாள். வந்தாள். பல மாதங்களாக வந்துகொண்டிருக்கிறாள். பெற்றோரைப் பார்ப்பது இபாதத் என்று மேடைகளில் சொல்கிறோம். அந்த இபாதத் முழுவதையும் ஒரு மகள் அல்லது ஒரு மருமகள் தலையில் கட்டிவிட்டு, மற்ற பிள்ளைகள் பெருநாளைக்குப் பழக்கூடையோடு வந்து போவதை நாம் எப்போது பேசப்போகிறோம்? ஆண்கள் குழுக்களிலும் இதைப் பேச வேண்டும். என் கணவரின் நண்பர்கள் குழுவை எட்டிப் பார்த்தேன், காற்பந்தும் அரசியலும்தான்.

அந்த வியாழக்கிழமைத் தோழி 58 வயதில் பராமரிப்பாளர் பயிற்சிக்குப் போனாள். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு ஆளை மாற்றுவது, புரை ஏறாமல் உணவு ஊட்டுவது எல்லாம் கற்றுக்கொண்டு வந்து, காணொளி அழைப்பில் தலையணையை வைத்து எங்களுக்குச் செய்து காட்டினாள். சிரித்துக்கொண்டேதான் படித்தோம். இதற்கென்றே பராமரிப்பாளர் பயிற்சி மானியம் உண்டு, ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பிடம் கேட்டால் சொல்வார்கள். 50 வயதானவர்களுக்குத் தேசிய மூத்தோர் கல்விக்கழகத்தில் வகுப்புகள் இருக்கின்றன. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 2016இல் போட்ட 500 வெள்ளி சிலருக்கு இன்னும் தொடாமல் கிடக்கிறது. படிப்பது எல்லாம் நோயைப் பற்றியே இருக்க வேண்டும் என்பதில்லை. எங்களில் ஒருத்தி தஜ்வீத் கற்கிறாள், இன்னொருத்தி கணக்குப் பதிவு. அவளுடைய அம்மாவே 81 வயதில் குரல்பதிவு அனுப்பக் கற்றுக்கொண்டுவிட்டார். இப்போது குழுவிலேயே அதிகமாகப் பேசுவது அவர்தான்.

நிகழ்ச்சி முடிந்ததும் மகளிர் பிரிவு மேசையில் ஒரு தாள் வைத்திருக்கிறோம். மருந்தின் பெயர், அளவு, எந்த வேளை, எந்த ஊரில் வாங்கியது, எந்த மருத்துவர் கொடுத்தது என்று தமிழில் கட்டம் போட்டது. வீட்டுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். மருந்துப் பையைக் கையோடு கொண்டு வந்தவர்கள் இங்கேயே நிரப்பிக்கொள்ளலாம். அக்கா அஸர் வரை மேசையில் இருப்பார்.

வஸ்ஸலாம்.